ஐப்பசிக்கு முன் பட்டிகளுக்கு மேட்டுநிலம் வேண்டும்

ஆசிரியர் அவர்கட்கு,

வெள்ள அபாய அறிவிப்பு வந்ததும் கிராம உத்தியோகத்தர் வீடு வீடாகப் போய், பாடசாலைக்கோ கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ போய்விடுங்கள் என்று சொல்கிறார். பெண்களும் பிள்ளைகளும் வயதானவர்களும் போகிறார்கள். பட்டி வைத்திருக்கும் ஆண்கள் போவதில்லை. மாட்டை யாரிடம் விட்டுப் போவது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அறிவிப்பில் பதில் இல்லை. தண்ணீர் இடுப்பளவு ஏறிய பிறகு அவர்களைத் தேடிப் படகு போக வேண்டியிருக்கிறது. நமது திருகோணமலை மாவட்டத்தில் மூதூர், கிண்ணியா, சேருவில, வெருகல், தம்பலகாமம் பக்கங்களில் பல குடும்பங்களின் சேமிப்பு முழுவதும் பட்டியில்தான் நிற்கிறது. அதை அப்படியே விட்டு வா என்றால் யாரும் வரமாட்டார்கள்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் மாடு, எருமை, ஆடுகளுக்கான மேட்டுநிலம் எது, எந்த வழியால் போவது, எந்த அறிவிப்போடு கிளம்புவது என்பது ஐப்பசி பிறக்குமுன் எழுத்தில் இருக்க வேண்டும். மனிதருக்கான வெளியேற்றத் திட்டத்தின் உள்ளேயே அது இருக்க வேண்டும்.

நமது மாவட்டத்துக்குப் புயல் புதிதல்ல. 1964 டிசம்பரில் அடித்தது. 2020 டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரெவி நமது கரையால்தான் ஏறியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்தபோது மகாவலி பெருகி, மாவிலாற்று அணைக்கட்டு உடைந்து, சேருவில, வெருகல், மூதூர்ப் பள்ளங்கள் நீரில் மூழ்கின. 1986 ஏப்ரல் 20 இல் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது மாரி காலத்திலேகூட இல்லை. 2022 டிசம்பர் வேறு ஒரு பாடம். மண்டோஸ் புயல் நமது கரையைத் தொடாமல் கடலால் போய்விட்டது, வெள்ளம் பெரிதாக இல்லை. ஆனாலும் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் குளிரில் விறைத்துச் செத்தன. வெள்ளத்துக்கு மட்டும் ஆயத்தமாவது போதாது என்பதை அந்த இரண்டு நாட்கள் காட்டின.

நம்மிடம் இன்னொரு சிக்கலும் உண்டு. பெரும்போகம் விதைத்ததும் மாடுகள் வயலை விட்டு வெளியேற வேண்டும். காட்டோரம், ஆற்றோரம், வில்லுகள் எனப்படும் ஆற்றுப்பள்ள நீர்நிலைகளின் கரை என்று பட்டிகள் தள்ளிப் போகின்றன. அறுவடை முடிந்து தாள் மேயத்தான் திரும்பி வருகின்றன. ஆக, மழையும் புயலும் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில்தான் மாடுகள் வீட்டுக்கு மிகத் தொலைவில், வீதி இல்லாத இடத்தில், ஆற்றுக்கு மிக அருகில் நிற்கின்றன. வீட்டை வைத்துப் போடும் திட்டம் பட்டிக்குப் பொருந்தாது. பட்டி மார்கழியில் எங்கே நிற்கிறதோ அந்த இடத்தை வரைபடத்தில் குறித்து, அங்கிருந்துதான் வழியைத் திட்டமிட வேண்டும்.

மேட்டுநிலம் என்றால் பெரிய காணி தேவையில்லை. சில நாள் தங்கி, படுத்து எழும்ப நாட்டு மாடு ஒன்றுக்கு 10 சதுர மீற்றர் போதும். 100 மாட்டுக்குக் கால் ஏக்கர். ஆடு ஒன்றுக்கு 2 சதுர மீற்றர். ஆனால் நிலம் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். 2025 இல் தண்ணீர் ஏறிய அடையாளத்துக்கு மேலே இருக்க வேண்டும். அந்த அடையாளம் சுவர்களிலும் மரங்களிலும் தெரியும்போதே பெயின்ற் கோடு போட்டு வைப்பது நல்லது. களிமண் தரை கூடாது, இரண்டு நாளில் முழங்கால் சேறாகிவிடும். சாய்ந்து விழக்கூடிய பெரிய மரமும் மின்கம்பியும் மேலே இருக்கக் கூடாது. குளக்கட்டின் மேல் பட்டியை ஏற்றுவது பலர் செய்வதுதான். அது உயரமாக இருப்பதால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கட்டு நனைந்து ஊறியிருக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான குளம்புகள் அதை மிதித்துக் குழைக்கின்றன. உடைந்தால் ஊரும் போகும், பட்டியும் போகும். குளக்கட்டு வேண்டாம்.

அந்த மேட்டில் முன்கூட்டியே வைக்கோல் இருக்க வேண்டும். ஒரு நாட்டு மாடு நிறைய விட்டால் நாளுக்கு 5, 6 கிலோ தின்னும். அவசர நாட்களில் 3 கிலோ கொடுத்தாலும் தாக்குப்பிடிக்கும். வயிறு நிறையாது, ஆனால் அசைபோடுவது நிற்காது. 100 மாட்டுக்கு ஐந்து நாளைக்கு 1500 கிலோ, கட்டு ஒன்று 15 கிலோ என்றால் 100 கட்டு. சிறுபோக வெட்டு முடியும் ஆவணி, புரட்டாதியில் இதே மாவட்டத்தில் கந்தளாய், தம்பலகாமம் வயல்களில் வைக்கோலைக் கொளுத்துகிறோம். நெருப்பு வைக்குமுன் கட்டாக்கி எடுத்தால் கட்டுக்கூலியும் ஏற்றுக்கூலியும்தான் செலவு. அடுக்கும்போது நிலத்தில் வைக்கக் கூடாது. பனை மரத் துண்டுகளோ பலகையோ போட்டு ஒரு அடி உயர்த்தி, மேற்பகுதியைக் கூரை போலச் சரித்து அடுக்கித் தறப்பாள் கட்ட வேண்டும். மேல் மட்டமாக இருந்தால் தறப்பாளில் நீர் குளமாகி நடுவில் இறங்கும். ஒரு பக்கக் கட்டுகள் பூஞ்சணம் பிடித்தால் அவற்றை வெளியே எறிந்துவிடுங்கள். பசித்த மாடு பூஞ்சணம் என்று பார்க்காமல் தின்றுவிடும். சினைமாடு அதனால் கன்று வீசும்.

தண்ணீர் விடயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். சுற்றிலும் வெள்ளம் நிற்கிறதே, குடிக்கத் தண்ணீருக்கு என்ன குறை என்று தோன்றும். கொட்டியாரக் குடாவை ஒட்டிய பகுதிகளில் கடல் நீர் உள்ளே தள்ளி வெள்ளம் உப்பாகிவிடும். உள்ளே தள்ளியிருக்கும் ஊர்களில் அதே நீரில் மலகூடக் குழிகளும் வயல் மருந்தும் செத்த மிருகங்களும் கலந்திருக்கும். நாளுக்கு ஒரு மாட்டுக்கு 25 லீற்றர், பால் கறக்கும் மாட்டுக்கு அதைவிட அதிகம், ஆட்டுக்கு 4, 5 லீற்றர். 100 மாட்டுக்கு 2500 லீற்றர் என்றால் வாளியால் முடியாது. கைப்பம்பு உள்ள குழாய்க்கிணறு அருகில் இருக்கும் மேட்டைத் தெரிவது இதனால்தான். இல்லாவிட்டால் பிரதேச சபையின் தண்ணீர் பவுசர் வரக்கூடிய வீதி வேண்டும். 200 லீற்றர் பீப்பாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரண்டு தொட்டி. மருந்தோ எண்ணெயோ வந்த பீப்பாயை எத்தனை தரம் கழுவினாலும் பாவிக்க வேண்டாம்.

இனிக் குளிர். நாட்டு மாடு வெயிலுக்குப் பழகினது. காய்ந்த மயிர் உடலோடு ஒரு காற்றுப் படலத்தைப் பிடித்து வைத்திருக்கும். மழை தோல்வரை நனைத்துவிட்டால் அந்தப் படலம் போய்விடும், அதன் மேல் காற்று அடித்தால் உடல் சூடு வேகமாக இறங்கும். ஏற்கெனவே மெலிந்த மாட்டிடம் எரிக்கக் கொழுப்பும் இல்லை. 2022 இல் பட்டிகள் வெட்டவெளியில் இரவு முழுக்க நனைந்து நின்றன. கூரை போட்டுத்தான் இதைத் தடுக்க வேண்டும் என்றில்லை, நூறு மாட்டுக்குக் கூரை யாராலும் முடியாது. காற்றைத் தடுத்தாலே பாதிக்கு மேல் வேலை முடிந்தது. ஆறடி உயரத்தில் பனையோலையோ கிடுகோ நெருக்கமாகக் கட்டிய வேலி, காற்று வராத பக்கத்தில் ஐம்பது அறுபது அடி தூரத்துக்கு மாட்டைக் காக்கும். ஓலைக்கிடையில் கொஞ்சம் காற்று புகவேண்டும். முழுத் தகரமாக அடைத்தால் காற்று மேலால் தாவிச் சுழன்று அடிக்கும், தகரமும் பிடுங்குப்படும். புயல் கடந்துபோகும்போது காற்றின் திசை மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. வடக்கிலிருந்து அடித்தது பிறகு கிழக்காலோ தெற்காலோ வரும். ஆகவே ஒரு பக்கம் மட்டும் கட்டாமல் மூலைமட்டமாக இரண்டு பக்கம் கட்டுங்கள், மாடுகள் தாமாகவே ஒதுங்கிக்கொள்ளும்.

குளிரில் வைக்கோல் மருந்து மாதிரி. நார்த்தீனி வயிற்றில் நொதிக்கும்போது சூடு பிறக்கிறது. பின்னேரம் ஒரு தரம் வைக்கோல் போட்டால் அந்த இரவு முழுவதும் உள்ளே சூடு இருக்கும். நாளுக்கு ஒரு தரம்தான் போட முடியும் என்றால், காலையில் போடாமல் மாலைக்குத் தள்ளிவைப்பதே நல்லது. பிறந்து ஒரு வாரம் ஆகாத கன்றை முதலில் கவனிக்க வேண்டும். சாக்கால் அழுத்தித் துடைத்துக் காயவைத்து, காய்ந்த வைக்கோலில் கிடத்தி, பிறந்து ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைக்க வேண்டும். 25 கிலோக் கன்றுக்கு முதல் நாள் இரண்டரை லீற்றர் போகவேண்டும். வாயில் விரலை விட்டுப் பாருங்கள்: உள்ளே குளிர்ந்திருந்தால் அந்தக் கன்று ஆபத்தில் இருக்கிறது. விழுந்து கிடக்கும் மாட்டுக்குப் பனங்கட்டித் தண்ணீரை மூங்கிலாலோ போத்தலாலோ ஊற்றுவது நம்மவர் வழக்கம். விழுங்க முடியாத மாட்டின் தலையை உயர்த்தி ஊற்றினால் அது நேரே நுரையீரலுக்குள் போகும், குளிரில் பிழைத்த மாடு இரண்டு நாளில் மூச்சுத்திணறிச் சாகும். தானாக நக்கிக் குடித்தால் கொடுங்கள். இல்லையேல் வேண்டாம். நெஞ்சை நிலத்தில் வைத்து நிமிர்த்திப் படுக்க வைத்து, சாக்கால் தேய்த்து, கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள்.

கட்டு கயிற்றைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் சாகும் மாடுகளில் கட்டிப்போட்ட மாடு சாவது மிகவும் வேதனையானது. மாடு நன்றாக நீந்தும், எருமை அதைவிட நன்றாக நீந்தும். ஆனால் கட்டையில் தாழக் கட்டிய மூக்கணாங்கயிறு தண்ணீர் ஏற ஏறத் தலையைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தும்புக் கயிறு நனைந்தால் ஊதி முடிச்சு இறுகிவிடும், இருட்டில் விரலால் அவிழாது. மாரி தொடங்கியதும் தலைக்கயிறு போட்டு, நுனியை ஒரு இழுவையில் அவிழும்படி மடித்து முடியுங்கள். ஒவ்வொரு பட்டியிலும் வாசல் கட்டையில் ஒரு கத்தி தொங்க வேண்டும். எந்த மாட்டையும் கட்டிவிட்டு இரவில் வீட்டுக்குப் போகக் கூடாது. வெளியே கொண்டுபோக நேரம் இல்லை என்றால் செய்யக்கூடியது ஒன்றுதான்: எல்லாக் கயிற்றையும் அறுத்து, வாசலைத் திறந்து, நீர் போகும் பக்கத்து முள்ளுக்கம்பியை வெட்டி விடுங்கள். நீந்தும் மாடு முள்ளுக்கம்பியைக் காணாது. அதன் பிறகு அங்கே நிற்காமல் நீங்கள் வெளியேறுங்கள்.

அந்த நிலைக்குப் போகாமல் இருக்க நேரத்தோடு கிளம்ப வேண்டும். வளிமண்டலவியல் திணைக்களம் தாழமுக்கம் என்று சொன்னதும் மேட்டில் வைக்கோலையும் தொட்டியையும் சரிபார்க்கலாம். நீர்ப்பாசனத் திணைக்களத்தின் வெள்ள அறிவிப்பில் மகாவலியின் மேற்பக்கத்தில் உள்ள மனம்பிட்டியில் ஆற்று நீர்மட்டம் ஏறுகிறது என்று வந்தால் கீழ்மகாவலிப் பக்கத்துப் பட்டிகள் அன்றே, பகல் வெளிச்சத்தில் நகர வேண்டும். நமது ஊரில் மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் மேலே பெய்த மழை ஆற்றால் வரும். கன்றுகளோடு நடக்கும் பட்டி மணிக்கு 2 கிலோமீற்றருக்கு மேல் போகாது. 6 கிலோமீற்றர் தூரம் என்றால் மூன்று மணி நேரம், ஓர் ஓடை குறுக்கிட்டால் இன்னும் கூடும். கன்று, ஆடு, நிறைசினைப் பசு ஆகியவற்றை உழவு இயந்திரப் பெட்டியில் முதலில் அனுப்புங்கள். பெட்டித் தட்டில் மணலும் வைக்கோலும் போடாவிட்டால் வழுக்கி விழுந்து, விழுந்ததை மற்றவை மிதிக்கும். காலைக் கட்டி ஏற்ற வேண்டாம். மிச்சப் பட்டியை மணி கட்டிய பசுவின் பின்னால் விடுங்கள். அது எந்தப் பசு என்று இடையருக்குத் தெரியும், அது நகர்ந்தால் மற்றவை தொடரும். பின்னால் கத்தி விரட்டினால் கலையும். கங்கை, உப்பாறு, இறால்குழிப் பாலங்களைக் கடக்க வேண்டிய பட்டிகள் மக்கள் பேருந்தும் லொறியும் நெரிசலாவதற்கு முதல் கடந்துவிட வேண்டும்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. மாடு ஏற்றிச் செல்ல அனுமதிப் பத்திரம் வேண்டும், மாட்டின் உரிமையைக் காட்டும் மாட்டு வவுச்சர் வேண்டும். களவைத் தடுக்க இது அவசியம், நாங்கள் எதிர்க்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இரவு அறிவிப்பு வந்தால் எந்த அலுவலகத்தில் பத்திரம் எடுப்பது? அபாய அறிவிப்பு நடைமுறையில் இருக்கும் நாட்களில், பெயர் குறித்த மேட்டுநிலத்துக்கு மாவட்டத்துக்குள்ளேயே போகும் பட்டிக்குக் கிராம உத்தியோகத்தரின் ஒரு கடிதம் போதும் என்று மாவட்டச் செயலகமும் பொலிஸாரும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பட்டிக்காரரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். கால்நடை வைத்திய அலுவலகத்தில் பண்ணையைப் பதிந்து, காதுப்பட்டி இலக்கங்களைக் கொப்பியில் எழுதி, ஒவ்வொரு மாட்டையும் இரு பக்கமும் குறி தெரியப் படம் எடுத்து வெளியூரில் உள்ள ஒருவருடைய தொலைபேசிக்கும் அனுப்பி வையுங்கள். வவுச்சர்கள் இறுகக் கட்டிய பொலித்தீனில் இருக்கட்டும். நான்கு பட்டி ஒரே மேட்டில் கலந்தால் குறி மட்டும் போதாது. கொம்பில் பட்டிக்கொரு நிறம் பூசினால் பிரிப்பது சுலபம், சண்டையும் வராது. மழைக்கு முந்திய காய்ந்த நாளில் பூசினால்தான் நிற்கும்.

பட்டிகள் கலக்கும்போது நோயும் கலக்கும். கால்வாய் நோய், தொண்டை அடைப்பான், சப்பை நோய் ஆகியவற்றுக்கான ஊசிகள் புரட்டாதி முடியுமுன் போடப்பட வேண்டும். ஊசி போட்டு இரண்டு மூன்று வாரம் கழித்துத்தான் உடல் காப்பு எடுக்கும், வெள்ளம் வந்த பிறகு ஓடிப்போய்ப் போடுவதில் பயன் குறைவு. எருமை வைத்திருப்போர் தொண்டை அடைப்பானை மறக்க வேண்டாம்: காய்ச்சல், தொண்டை வீக்கம், கர் கர் என்று மூச்சு, ஒரு நாளுக்குள் சாவு. எச்சில் ஒழுக நொண்டும் மாடு வந்தால் மேட்டின் மறுபக்கம், அதன் மேல் பட்ட காற்று மற்ற மாடுகளுக்கு வராத இடத்தில் தனியாகக் கட்டிக் கவனியுங்கள்.

வெள்ளம் வடிந்ததும் பசித்த மாடு நனைந்த நெல் மூட்டையைக் கண்டால் வயிறு முட்டத் தின்னும். வயிறு புளித்து இரண்டு நாளில் விழும். நெல் கிடக்கும் வீட்டுப் பக்கம் முதலில் அடைத்துவிட்டுத்தான் பட்டியைத் திருப்ப வேண்டும். சேற்றில் நின்ற குளம்புகளை நல்ல நீரால் கழுவி, லீற்றருக்கு 50 கிராம் மயில்துத்தம் கரைத்த நீரில் நடத்தி விடுங்கள். அந்த நீரைக் குடிக்க விடாதீர்கள். வெறுங்காலோடு வெள்ளத்தில் இறங்கி மாடு தேடுவோர் எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு வாங்க வேண்டும். செத்த மாட்டைப் புதைக்குமுன் காதுப்பட்டியும் குறியும் தெரியப் படம் எடுத்து, கிராம உத்தியோகத்தரும் கால்நடை வைத்தியரும் பார்த்து எழுதிய பின் புதையுங்கள். அவசரத்தில் புதைத்துவிட்டு நட்டஈட்டுக்கு அலைவது நடக்கிறது. கிண்ணியா, மூதூர்க் கரையோரங்களில் நான்கு அடி தோண்டினாலே தண்ணீர் வரும். கிணறுகளுக்குத் தள்ளி, மேடான இடத்தில் 2 மீற்றர் ஆழக் குழி, வயிற்றைக் குத்திக் காற்றை இறக்கி, சுண்ணாம்பு போட்டு மூட வேண்டும். குத்தாமல் புதைத்தால் ஊதி மேலே வரும். இந்த இடத்தையும் இப்போதே குறித்து வைக்க வேண்டும்.

மாவட்ட அனர்த்த முகாமைத்துவப் பிரிவும் பிரதேச செயலாளர்களும் கால்நடை வைத்திய அலுவலகங்களும் இதற்கு ஒரு நாள் ஒன்றாக உட்கார்ந்தால் போதும். கமக்கார அமைப்புகளையும் பட்டிக்காரரையும் அதே மேசைக்குக் கூப்பிடுங்கள், எந்த மேடு நனையாது என்பது அவர்களுக்குத் தெரியும். மேட்டுநிலங்களின் பெயரை மூன்று மொழியில் அச்சிட்டுப் பால் சேகரிப்பு நிலையங்களில் ஒட்டுங்கள்; பட்டிக்காரர் தினமும் போகும் இடம் அதுதான். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கமான 117 க்கு அழைக்கும் ஒருவர் மாடுகளை எங்கே கொண்டுபோவது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடிய ஒரு பட்டியல் அந்தத் தொலைபேசிக்குப் பக்கத்திலும் இருக்கட்டும். காட்டோரக் காணியில் மேடு இருந்தால் வன, வனசீவராசிகள் திணைக்களங்களின் சம்மதத்தை இப்போதே கேட்டு வாங்க வேண்டும், வெள்ள நாளில் அதற்கு நேரம் கிடையாது. சிறுபோக வெட்டு முடிந்து வைக்கோல் வயலில் கிடக்கும் வாரங்களுக்குள் இது நடந்தால், இந்த மாரிக்கே பயன்படும்.

இப்படிக்கு,
கால்நடை வளர்ப்போர் சார்பில்,
மூதூர், திருகோணமலை.